பச்சை லேசரும் மூன்று கையெழுத்தும்

பார்சல் வந்த நேரத்தில் தையல்காரர் ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவரே தைத்ததுதான். பேன்ட்டுக்குச் சொந்தக்காரர் இந்த ஒரு வருடத்தில் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டதால் அது திரும்பி வந்திருந்தது. கூரியர்காரர் நீட்டிய கையளவு அட்டைப்பெட்டியைக் கண்டதும் பேன்ட் ஓரம்போய்விட்டது. துணி வெட்டும் கத்தரிக்கோலால் யாராவது காகிதத்தைத் தொட்டால் அந்த வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். அன்றைக்கு அவரே அதை எடுத்துப் பெட்டியின் டேப்பைக் கிழித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு தங்கையின் கணவருக்குப் போன் போட்டார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளிக் கடை.

"மாப்பிள்ளை, வந்துடுச்சு."

"பிரிச்சிட்டீங்களா?"

"இல்ல" என்றார் தையல்காரர், பிரித்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"பொய் சொல்லாதீங்க மச்சான். தாள் சரசரக்குறது இங்க கேக்குது. நான் வர்ற வரைக்கும் சுவிட்ச்சுல கை வெக்காதீங்க. சாரையும் கூட்டிட்டு வர்றேன்."

சார் என்றால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர். மூவரிலும் மூத்தவர். இந்த மூன்று பேருக்கும் லேசர் பைத்தியம். சிலருக்குப் புறா வளர்க்கிற பைத்தியம் இருக்கிறதே, அந்த மாதிரி. கையடக்க லேசர் எது கிடைத்தாலும் வாங்குவார்கள், கழற்றுவார்கள், அளப்பார்கள், அதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். தையல்காரரின் பட்டன் டப்பாக்களுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டின்னில் இதுவரை ஏழு லேசர் சேர்ந்திருந்தது. இது எட்டாவது.

ஆனால் எட்டாவது மட்டும் விளையாட்டுக்கு வாங்கியது இல்லை. மெக்கானிக்கின் மனைவி, அதாவது தையல்காரரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமை இருட்டியதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை மைதானத்தில் உட்கார வைத்து நட்சத்திரம் காட்டப்போவதாகப் பெற்றோர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். போன தடவை கையால் காட்டியபோது நாற்பது பேரும் நாற்பது திசையில் பார்த்தார்களாம். பச்சை லேசர் என்றால் அந்தரத்தில் கயிறு கட்டியது போல ஒரு கோடு நிற்கும். அதன் நுனி எங்கே முடிகிறதோ அங்கே பார்த்தால் போதும். அதற்காகத்தான் கணவனிடம் கேட்டாள். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

அவர்கள் மூவருக்குள் ஒரு பழக்கம் உண்டு. எந்த லேசர் வந்தாலும் அதன் கழுத்தில் நூலால் ஒரு அட்டையைக் கட்டுவார்கள். மூவரும் அளந்து மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வெளி ஆள் கைக்குப் போகும். வெளிச்சத்தின் பலம் ஐந்து மில்லிவாட் வரைக்கும் சரி. அதற்கு மேலே போனால் கண்ணுக்கு ஆபத்து என்று அது டின்னிலேயே கிடக்கும். 'மூணு கையெழுத்தும் இருந்தாத்தான் பசங்க நடுவுல எடுத்துட்டுப் போவேன்' என்று சொல்லியிருந்தாள் டீச்சர். 'முக்கியமா அண்ணன் கையெழுத்து. நீங்க ஆசையில போட்டுடுவீங்க. அவர்தான் அளந்து போடுவார்.'

இதைக் கேட்டதிலிருந்து மெக்கானிக்குக்குக் கொஞ்சம் வருத்தம். தையல்காரருக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைதான் அடுத்த இரண்டு நாளும் அவரைப் படுத்தி எடுத்தது.

மெக்கானிக் வந்ததும் வராததுமாகப் பெட்டியைப் பிடுங்கினார். உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு உலோகக் குழல். பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர்: பச்சை, ஐந்து மில்லிவாட்டுக்குக் குறைவு.

"குறைவுன்னு அவனே ஒட்டிட்டான். அப்புறம் என்னத்த அளக்குறது" என்றார் மெக்கானிக்.

"அவன் ஒட்டுவான் தம்பி. ஸ்டிக்கரை நம்பித்தான் நான் ரெண்டு நாள் கண்ணுக்கு முன்னால ஊதாப் பூச்சியோட திரிஞ்சேன்" என்றார் ஸ்டூடியோக்காரர். அது பழைய கதை. பரிசுக் கடை டார்ச் ஒன்று கண்ணாடியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணில் அடித்தது. அட்டைப் பழக்கமே அதற்குப் பிறகு வந்ததுதான்.

மூவரும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். கதவைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். மெக்கானிக் சுவிட்சை அழுத்தினார். அந்தக் கண்ணாடி பச்சையை மொத்தமாக விழுங்கிவிடும். அதனால் ஒன்றும் தெரியவில்லை. புள்ளி விழுகிற இடத்துக்கு நேரே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்டூடியோக்காரர் மட்டும் கண்ணாடியை ஒரு நொடி தூக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. புல்லு மாதிரி இருக்கு."

அவரிடம் ஸ்டூடியோ விளக்குகளை அளக்கிற ஒரு பழைய மீட்டர் உண்டு. தாளில் விழும் புள்ளியை, டின்னில் இருக்கும் நல்ல ஐந்து மில்லிவாட் லேசரின் புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வார். பார்த்தார்.

"அஞ்சு. அதுக்கு மேல போகல. தொந்தரவு இல்ல."

தையல்காரரின் மீட்டர் வேறு ஜாதி. அது வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். பழைய தண்ணீர் கூலர் ஒன்றிலிருந்து மெக்கானிக் கழற்றிக் கொடுத்த சின்னச் சதுரத் தகடு. ஒரு பக்கம் சூடேறினால் அதன் கம்பிகளில் துளி மின்சாரம் வரும். அதன் முகத்தில் விளக்குக் கரி பூசி, முதுகில் அலுமினியக் கட்டியை ஒட்டி, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு சேர்த்திருந்தார். லேசர் பட்டால் கரி சூடாகும், எண் ஏறும். லேசரைத் தகட்டுக்குத் திருப்பினார்கள். எண் மெதுவாக ஏறியது. ஐந்தில் நிற்கவில்லை. பத்தில் நிற்கவில்லை. முப்பத்தொன்றில் போய் நின்றது.



"இஸ்திரிப் பெட்டி எங்க இருக்கு மச்சான்?" என்று கேட்டார் மெக்கானிக்.

தையல்காரருக்குக் காது சிவந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சூடான இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் இருந்ததைக் கவனிக்காமல் நல்ல லேசர் ஒன்றுக்கு நாற்பது என்று எழுதிவிட்டார். அதிலிருந்து 'இஸ்திரிப் பெட்டியை அளந்தவர்' என்று பேர்.

"காலையிலேர்ந்து போடவே இல்ல. தொட்டுப் பாருங்க."

மெக்கானிக் நிஜமாகவே எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அப்படியும் விடவில்லை.

"இந்த ரூமே சூடு. லேசரும் சூடாகியிருக்கும். எந்த மெஷினுக்கும் சூடுதான் எமன். குளுகுளுன்னு வெச்சா அது பாட்டுக்கு ஒழுங்கா ஓடும். நான் எடுத்துட்டுப் போறேன். காலையில என் கடையில அளப்போம்."

மெக்கானிக்கின் மொத்த அறிவும் இந்த ஒரு வரியில் அடங்கும். பேட்டரியை ஃப்ரிட்ஜில் வைப்பார். டார்ச்சை ஃப்ரிட்ஜில் வைப்பார். ஒருமுறை கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று அதையும் வைத்தார். அன்று ராத்திரி எட்டாவது லேசர் அவர் கடையில், பழுது பார்க்க வந்த யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜின் முட்டைத் தட்டில் படுத்துத் தூங்கியது.

வியாழக்கிழமை காலையில் மூவரும் மெக்கானிக் கடையில் கூடினார்கள். கதவு கழன்ற ஃப்ரிட்ஜ்கள் மூன்று பக்கமும் வாயைப் பிளந்து நின்றன. மெக்கானிக் முட்டைத் தட்டிலிருந்து லேசரை எடுத்தார். குழல் மேலே வியர்த்திருந்தது. துடைத்துவிட்டு அழுத்தினார்.

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை லேசாகத் தூக்கினார். "என்னய்யா இது, நேத்து புல்லு, இன்னைக்குப் பாசி."

உண்மைதான். புள்ளி சோர்ந்துபோயிருந்தது. அவருடைய மீட்டரில் பழைய லேசரின் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

"ஒண்ணரைன்னு வெச்சுக்கலாம்."

"பாத்தீங்களா" என்றார் மெக்கானிக். "குளிர்ல வெச்சதும் சாது ஆயிடுச்சு. பசங்களுக்கு இதுதான் நல்லது."

தையல்காரர் தகட்டை நீட்டினார். எண் ஏறியது. இருபத்தொன்பது.

அவர் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். மல்டிமீட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி இருபத்தொன்பது.

"மாஸ்டர், வெளிச்சம் நேத்து இருந்ததுல கால்வாசிதான் இருக்கு" என்றார் ஸ்டூடியோக்காரர். "உங்க எண்ணு மட்டும் அசையவே இல்ல. அஞ்சுலேர்ந்து ஒண்ணரைக்கு வந்த பொருளுக்கு முப்பத்தொண்ணுலேர்ந்து இருபத்தொம்போதா? நீங்களே சொல்லுங்க."

 நியாயமான கேள்வி. வெளிச்சம் குறைந்தால் சூடும் குறைய வேண்டும். பத்து ரூபாய்த் துணியில் ஏழு ரூபாயை வெட்டி எடுத்த பிறகும் துணி அப்படியே இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரே நம்பமாட்டார்.

மெக்கானிக் பேனாவை எடுத்தார். அட்டையில் கையெழுத்துப் போட்டார். ஸ்டூடியோக்காரரும் 'ஒன்றரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா தையல்காரர் கைக்கு வந்தது.

"கொஞ்சம் பொறுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தகட்டைச் சரிபாத்துட்டுப் போடுறேன்."

"சாயங்காலம் உங்க தங்கச்சி வந்து கேப்பா. உங்களுக்காக நான் பேசமாட்டேன். நீங்களே பதில் சொல்லிக்கோங்க" என்றார் மெக்கானிக்.

லேசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். தகட்டைச் சரிபார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு சின்ன ரெசிஸ்டரைக் கரியின்மேல் ஒட்டவைத்து, அதில் இவ்வளவு மின்சாரம் என்று விட்டால் இவ்வளவு சூடு வரும் என்று கணக்கு உண்டு. ஐந்து விட்டார், தகடு ஐந்து காட்டியது. இருபது விட்டார், பத்தொன்பதரை. தகட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை. தகட்டில் குற்றம் இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்து இன்னொன்று நடந்தது. சும்மா ஒருமுறை தாளில் அடித்துப் பார்ப்போம் என்று பையிலிருந்து லேசரை எடுத்து அழுத்தினார். பளீரென்று அடித்தது. நேற்றைய புல்லுப் பச்சை. மெக்கானிக் கடையில் பாசியாக இருந்த அதே குழல், அதே பேட்டரி.

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கையெழுத்து இருந்தது. மூன்றாவதுக்கு இடம் இருந்தது. போட்டால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். தங்கைக்கு வெள்ளிக்கிழமை மானம் போகாது. லேசர் வானத்தைப் பார்த்துத்தானே அடிக்கப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. நாற்பது பிள்ளைகள், அதில் ஒன்றாவது 'டீச்சர் நான் ஒரு தடவை' என்று கையை நீட்டாதா என்று இன்னொரு மனம் கேட்டது. கையில் கிடைத்ததும் பக்கத்துப் பையன் மூஞ்சியில் அடிக்காத பிள்ளை எங்கே பிறந்திருக்கிறது.

நாலரை மணிக்கு டீச்சர் வந்தாள். தோளில் விடைத்தாள் மூட்டை. உட்காரும் முன்பே கேட்டாள்.

"ரெடியாண்ணா?"

"இல்லம்மா."

"என்ன இல்ல? அவரும் சாரும் கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொன்னாரே."

"அவங்க போட்டாச்சு. எனக்குக் கொஞ்சம் சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

"அதுதான் தெரியல."

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு முழிக்கும்போது பார்க்கிற பார்வை அது.

"அண்ணா, நாப்பது வீட்டுக்குச் சொல்லிட்டேன். ஹெட்மிஸ்டிரஸ் வந்து நிக்கப்போறாங்க. ஆபத்துன்னு சொல்லு, விட்டுடுறேன். ஆபத்து இல்லன்னு சொல்லு, எடுத்துட்டுப் போறேன். தெரியலன்னா நான் என்ன பண்றது?"

"வெளிச்சம் கம்மியா இருக்கு. சூடு ஜாஸ்தியா இருக்கு. குளிர வெச்சா வெளிச்சம் இன்னும் கம்மியாகுது. சூடு அப்படியே இருக்கு. பையில போட்டா மறுபடி பளீர்னு வருது. ஏன்னு கேக்காத. ரெண்டு நாளா என்னையே நான் கேட்டுட்டு இருக்கேன்."

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். கால் மணி நேரத்தில் மெக்கானிக்கும் ஸ்டூடியோக்காரரும் வந்துவிட்டார்கள். மெக்கானிக் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"இதோ பாருங்க மச்சான், ஒரே ஒரு டெஸ்ட். அதுல தகடு பொய் சொல்லுதுன்னு நிரூபிச்சா கையெழுத்துப் போடணும். சரியா?"

"என்ன டெஸ்ட்?"

"வெளிச்சத்தை மறைக்கிறேன். மறைச்ச பிறகும் உங்க தகடு எண்ணு காட்டுச்சுன்னா அது இல்லாததைக் காட்டுதுன்னு அர்த்தம்."

இதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. தையல்காரர் ஒத்துக்கொண்டார். லேசரைத் துணிக் கிளிப்பில் நிறுத்தித் தகட்டுக்கு நேரே வைத்தார்கள். எல்லாரும் லேசருக்குப் பின்னால் போய் நின்றார்கள். மெக்கானிக் உபரியாக இருந்த ஆரஞ்சுப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை லேசருக்கும் தகட்டுக்கும் நடுவே நிறுத்தினார். பச்சையை விழுங்கும் கண்ணாடி. லேசரைப் போட்டார்கள். கண்ணாடியின் இந்தப் பக்கம் பச்சைப் புள்ளி நின்றது. அந்தப் பக்கம் தகட்டில் ஒரு துளிப் பச்சை இல்லை. கரி கரியாகவே இருந்தது.

மல்டிமீட்டரில் எண் ஏறியது. பத்து. பதினெட்டு. இருபத்துநான்கில் நின்றது.

"முடிஞ்சுதா" என்றார் மெக்கானிக். சத்தம்கூடப் போடவில்லை, ஜெயித்தவருக்குச் சத்தம் தேவையில்லை. "ஒரு பொட்டு வெளிச்சம் போகல. இருபத்துநாலு காட்டுது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். "தகட்டை மாத்திடலாம். நானே வாங்கித் தர்றேன்."

தங்கை பேனாவை மட்டும் எடுத்து அண்ணன் பக்கம் நகர்த்தினாள். தையல்காரர் பேனாவை எடுத்தார். அட்டையைப் பக்கத்தில் இழுத்தார். பேரின் முதல் எழுத்துக்குப் பேனாவின் நுனி போய்விட்டது.

ஆனால் அவர் தையல்காரர். சட்டை தொளதொள என்று இருக்கிறது என்று வாடிக்கைக்காரர் சொன்னால் உடனே பிரிக்கமாட்டார். முதலில் ஒரு ஊசி குத்திப் பார்ப்பார், அப்புறம் இன்னொரு இடத்தில் குத்திப் பார்ப்பார். எங்கே தொளதொளப்பு என்று கண்டுபிடித்த பிறகுதான் பிரிப்பார். பேனாவை வைத்துவிட்டு, லேசர் வந்த பெட்டியின் அட்டைத் துண்டை எடுத்து ஆரஞ்சுக் கண்ணாடி இருந்த இடத்தில் நிறுத்தினார்.

எண் இறங்கியது. இருபது, பன்னிரண்டு, நாலு. சுழியத்துக்கு வந்து நின்றது.

அட்டையை எடுத்துவிட்டுப் பேன்ட் துணியை இரண்டாக மடித்துப் பிடித்தார். சுழியம். மறுபடி ஆரஞ்சுக் கண்ணாடியை வைத்தார். இருபத்துநான்கு.

"மாப்பிள்ளை, தகடு இல்லாததைக் காட்டுதுன்னா அட்டைக்கும் காட்டணும், துணிக்கும் காட்டணும். இந்தக் கண்ணாடிக்கு மட்டும் ஏன் காட்டுது?"

மெக்கானிக் அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி வழியா ஏதோ போகுது. நமக்குத் தெரியல, தகட்டுக்குத் தெரியுது" என்றார் தையல்காரர்.

"பேயா?" என்றார் மெக்கானிக். 

ஸ்டூடியோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர், ஏதோ ஞாபகம் வந்தவர் போல மெதுவாகப் படி இறங்கினார்.  பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய வீடியோ கேமரா இருந்தது. இருட்டில் படம் பிடிக்க அதில் தனியாக ஒரு பட்டன் உண்டு. டிவி ரிமோட்டை அதன் முன்னால் வைத்து அழுத்தினால், நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ரிமோட்டின் மூக்கில் மின்னுவது திரையில் தெரியும் என்றார். இன்னொரு கையில் ஒரு பழைய சிடி. அதன்மேல் லேசரை அடித்தால் வெவ்வேறு நிறம் வெவ்வேறு இடத்துக்குச் சிதறிப் போகும்.

"நேரா பாக்க வேண்டாம். எல்லாரும் திரையை மட்டும் பாருங்க."

சிடியை ஓரமாகச் சாய்த்து வைத்து லேசரைப் போட்டார்கள். சுவரில் ஓரிடத்தில் பச்சைப் புள்ளி விழுந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி வெறும் சுவர். எல்லாருடைய கண்ணுக்கும் அது வெறும் சுவர். கேமராத் திரையில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு எரிந்துகொண்டிருந்தது. பச்சைப் புள்ளியைவிடப் பெரிது, பச்சைப் புள்ளியைவிடப் பிரகாசம்.

டீச்சர் திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

"இருக்கு" என்றார் ஸ்டூடியோக்காரர்.  "அகச்சிவப்பு. உள்ள முதல்ல அதுதான் பிறக்குது, ஒரு கல்லு அதைப் பச்சையா மாத்துதுன்னு எங்கயோ படிச்சிருக்கேன். மாத்தாம மிச்சம் நிக்கிறதைத் தடுக்க ஒரு சின்ன வடிகட்டி இருக்கணும். செலவு மிச்சம்னு இவன் வெக்கல போல. என் மீட்டர் வெளிச்சத்தை மட்டும்தான் பாக்கும். இதைப் பாக்கவே பாக்காது. ஒண்ணரைன்னு எழுதினேனே."

"அப்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சப்ப?" என்று கேட்டார் மெக்கானிக். குரல் இறங்கியிருந்தது.

"பச்சை மட்டும் குறைஞ்சுது. இது குறையல. கல்லு குளிர்ல ஒழுங்கா வேலை செய்யல போல. ஏன்னு என்கிட்ட கேக்காதீங்க தம்பி. இதுவே எனக்குப் பாதிதான் புரியுது."

தையல்காரருக்கு அந்தப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. வெள்ளிக்கிழமை மைதானத்தில் பனி இறங்கும். குழல் குளிரும். பச்சை மங்கும். பிள்ளைகள் 'டீச்சர், சரியாத் தெரியல' என்பார்கள். மங்கலாகத்தானே இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்று யாராவது குழலின் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்ப்பார்கள். கூசினால் கண் தானாக மூடிக்கொள்ளும். இது கூசாது. கூசாமலே சுடும். 

"என் கையெழுத்து கிடையாதும்மா" என்றார். "இப்பவும் எனக்கு முழுசாத் தெரியல. தெரியாததுக்குக் கையெழுத்து கிடையாது."

அவள் தலையாட்டினாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

"நேத்து ராத்திரி கடையில இதைப் போட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுட்டுத்தான்."

"எந்தக் கண்ணாடி?"

மெக்கானிக் மேசைமேல் இருந்த ஆரஞ்சுக் கண்ணாடியைக் காட்டினார். காட்டும்போதே அவர் முகம் மாறியது.

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல. முட்டைத் தட்டைப் பாத்து அடிச்சேன். அவ்வளவுதான்."

"நாளைக்குக் காலையில கண் டாக்டர்கிட்ட போறோம். சாரும் வர்றார். அண்ணா, நீயும்தான்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள். லேசரின் பேட்டரியைக் கழற்றி, தையல்காரர் அதைத் துணியில் சுற்றி ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். அட்டையில் இருந்த இரண்டு கையெழுத்தையும் அந்தந்த ஆளே அடித்துவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர் தன்னுடையதை இரண்டு தடவை அடித்தார்.

"சரி, நான் நாளைக்கு என்ன பண்றது?" என்றாள் டீச்சர்.

 மெக்கானிக், பெரிய டார்ச் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"கையாலதான் காட்டணும்" என்றாள் யோசித்துக்கொண்டே. "மொத்தமாக் காட்டினா தெரியாது. ஒவ்வொருத்தரா என் தோள்கிட்ட கன்னத்த வெச்சு, கை நீட்டுற நேர்ல பாக்கச் சொன்னாத் தெரியும். நாப்பது பேர். ஒரு ஆளால முடியாது." நிமிர்ந்தாள். "மூணு பேரும் வந்துடுங்க. ஆளுக்குப் பத்துப் பிள்ளை."

"நாங்களா?" என்றார் மெக்கானிக்.

"ஏன், ராத்திரியெல்லாம் லேசரை வானத்துல அடிக்கிறீங்களே. எதைப் பாத்து அடிச்சீங்க?"

இந்த மூவரும் எட்டு லேசர் வாங்கியிருக்கிறார்கள். கோடு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். கோடு போய்ச் சேர்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

இருட்ட ஆரம்பித்திருந்தது. அவள் நால்வரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நால்வர் என்றால், சத்தம் கேட்டு மேலே வந்துவிட்ட தையல்காரரின் மனைவியையும் சேர்த்து. முதலில் அண்ணனை நிறுத்தினாள். தன் வலது கையை நீட்டி, அவர் கன்னத்தைத் தன் தோளோடு ஒட்டி வைக்கச் சொன்னாள்.

"வேட்டைக்காரன் மண்டலம். அவனோட பெல்ட்டுல மூணு நட்சத்திரம், ஒரே வரிசையில. என் விரல் நுனியப் பாரு. தெரியுதா?"

தையல்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் கையின் நீளத்தில் பார்த்தார். டேப்பைப் பிடித்து மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கிற மாதிரி.

"நாலு தெரியுது."

"நாலாவது டவர் மேல இருக்கிற விளக்கு. அது சிவப்பா இருக்கும் பாரு."

"சிவப்புதான்."

"அதை விட்டுட்டு மேல வா."

"எனக்கு ரெண்டுதான் தெரியுது" என்றார் மெக்கானிக், பக்கத்திலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள். டீச்சர் கையை இறக்கிவிட்டாள்.

"எந்தக் கண்ணால?"

"ரெண்டாலயும்."

ஸ்டூடியோக்காரர் அவர் பின்னால் போய் நின்று பார்த்தார். "எனக்கும் ரெண்டுதான் தம்பி. அந்தக் கடைசிக்கு மேகம் வந்துட்டிருக்கு." மெக்கானிக் விட்ட மூச்சு மாடி முழுக்கக் கேட்டது. ஆனாலும் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் மறுபடி கையை நீட்டினாள். தையல்காரர் மறுபடி கன்னத்தை வைத்தார். ஒரு நொடி, மேகத்தின் ஓரத்தில், மூன்றும் தையல் போட்ட மாதிரி வரிசையாக நின்றன. தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தார். கண்ணைச் சிமிட்டியதும் எது எது என்று கலைந்துவிட்டது.

"இருந்துச்சு. இப்ப காணோம்மா."

"பரவாயில்ல. மறுபடி காட்டுறேன், என் விரலையே பாரு" என்றாள்.